மூன்றாவது இறக்கை

கடலை முக்கால் மணி நேரம் ஒதுங்கி நிற்க வைப்பதற்கு அந்தப் படகுத்துறையில் முந்நூற்று ஐம்பது. கிரீஸ் தனி. துத்தநாகக் கட்டி மாற்றினால் இன்னும் நூற்றுப்பத்து. தேய்ந்த கட்டியைத் திருப்பிக் கொடுப்பவர்களுக்குப் பத்து தள்ளுபடி. இரட்டை எஞ்சின் படகுக்கு விசிறிக்காரி ஐந்நூறோடு முடித்துக்கொள்வாள். கடல் ஒரு தடவை ஒதுங்கினாலே இரண்டு பக்கமும் வெளியே தெரிந்துவிடுகிறது, அதற்கு இரண்டு கூலி வாங்குவது நியாயமில்லை என்பது அவள் கட்சி. இந்த விலையெல்லாம் டீசல் பம்ப்பின் பக்கச் சுவரில் ஒரு தகரப் பலகையில் பெயிண்டால் எழுதியிருந்தது. கடைசி வரி ‘பேரம் கிடையாது’. அந்த வரியைப் படித்த பிறகுதான் எல்லோரும் பேரத்தை ஆரம்பித்தார்கள். “முந்நூறுன்னா கடல் ஒதுங்காதாம்மா?” என்று கேட்பவர்களிடம், “கடல் சும்மாவே ஒதுங்கும். நான்தான் முந்நூறுக்கு இறங்க மாட்டேன்” என்பாள். பேரம் அதோடு படிந்துவிடும்.

படகின் பின்புறம் தண்ணீருக்கடியில் சுழன்று அதைத் தள்ளுகிற புரொப்பல்லரைத் துறையில் எல்லோரும் விசிறி என்றே சொன்னார்கள். அதன் தகடுகள் இறக்கை. அதைச் சுத்தம் செய்கிறவள் விசிறிக்காரி. அங்கே கட்டியிருந்த நாற்பது படகும் உல்லாசப் படகுகள். வாரத்தில் ஆறு நாள் கயிற்றில் சும்மா கிடக்கும், ஏழாவது நாள் முதலாளி குடும்பத்தோடு தொப்பி போட்டுக்கொண்டு வந்து ஏறுவார். அந்த ஆறு நாளில் கீழே வேறொரு குடும்பம் குடியேறிவிடும். முதலில் வழுக்குப் பாசி வரும். அதன் மேல் கொட்டலசு வரும். மிளகு அளவுச் சிப்பிப் பூச்சி, ஒட்டினால் சிமெண்ட் தோற்றது. ஒன்று வந்து இடம் பிடித்தால் சித்தப்பா, பெரியப்பா, சம்பந்தி என்று மொத்த உறவும் வந்து சேரும், யாரும் வாடகை தர மாட்டார்கள். மூன்று மாதத்தில் வேகம் பாதியாகும், டீசல் இரட்டிக்கும், படகு குளிர் காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கும். அப்போது முதலாளிக்கு இரண்டு வழி. கிரேன்காரரிடம் போனால் படகையே தூக்கிக் கரையில் வைத்துச் சுரண்டுவார். இரண்டாயிரம், நாலு நாள் காத்திருப்பு, அந்த நாலு நாளும் அவர் தூக்கிய பழைய படகுகளின் கதை வேறு. அது வேண்டாம் என்றால் விசிறிக்காரி.

சுத்தம் செய்ய வேண்டிய படகைத் துறையின் கோடியிலுள்ள கல்படிக்கட்டு ஓரமாகக் கொண்டுவந்து கட்டச் சொல்வாள். எஞ்சின் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொள்வாள். சாவி தன்னிடம் இல்லாமல் எந்த விசிறிக்குப் பக்கத்திலும் போக மாட்டாள், கடல் விஷயத்தைவிட அது கண்டிப்பான விதி. பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்குவாள். ஒன்பது படி வரை காய்ந்த கல், பத்தாவது படியில் தண்ணீர். கையை உயர்த்தவோ வாய்க்குள் முணுமுணுக்கவோ மாட்டாள். நெரிசலான வண்டியில் இறங்க வேண்டியவள் நடப்பது மாதிரி அவள்பாட்டுக்கு நடப்பாள். கடல் ஓரடி பின்வாங்கும், அடுத்த படிக்கு இன்னும் ஓரடி. கடைசியில் படகின் பின்பக்கத்தைச் சுற்றி ஒரு படுக்கையறை அளவுக்கு ஈரமணல் தரையும், படிக்கட்டு நீங்கலாக மூன்று பக்கம் தண்ணீர்ச் சுவரும் எழும்பிவிடும். படகுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லாததால் அது முன்பு மிதந்த உயரத்திலேயே அந்தரத்தில் நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மீன்கள், பக்கத்து வீட்டுச் சண்டையைப் பார்க்க வந்தவர்கள்போல் முகத்தை ஒட்டிவைத்துப் பார்க்கும்.

அவள் வேலையைப் பார்ப்பாள். வெண்கலத்தில் கீறல் விழக்கூடாது என்று இரும்பு தொடமாட்டாள். கெட்டி மரத்தில் செதுக்கிய சுரண்டிதான். சுரண்டி முடித்ததும் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பாள். இறக்கையின் விளிம்பில் விரலை ஓட்டி நெளிவு இருக்கிறதா என்று பார்ப்பாள். தண்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருந்தால் வளைந்த கத்தியால் அறுத்து எடுப்பாள். கண்ணுக்குத் தெரியாத அந்த நரம்புதான் எண்ணெய் அடைப்பை அறுத்து எஞ்சினுக்குள் உப்புத் தண்ணீரை விடும். நட்டு, பின் எல்லாம் பார்த்து கிரீஸ் வைத்த பிறகு, தண்டில் பிடித்திருக்கும் துத்தநாகக் கட்டியைத் தடவிப் பார்ப்பாள். உப்புத் தண்ணீர் உலோகத்தைத் தின்ன வரும்போது விசிறிக்குப் பதிலாகத் தன்னைத் தின்னக் கொடுப்பது அந்தக் கட்டியின் உத்தியோகம். பாதி கரைந்திருந்தால் மாற்றிவிடுவாள். கடைசியாக மரச்சுத்தியால் ஒவ்வொரு இறக்கையையும் ஒரு தட்டு. விரிசல் இல்லாத வெண்கலம் மணிபோல் நீளமாகப் பாடும். விரிசல் இருந்தால் தகரம் மாதிரி இருமும். நாற்பது நிமிடத்தில் தரை வியர்க்கத் தொடங்கும், நாற்பத்தைந்தில் கடல் சத்தமில்லாமல் தன் இடத்துக்கு வந்துவிடும். எட்டு வருடத்தில் ஒரு நிமிடம் முன்னே வந்ததில்லை, ஒரு நிமிடம் பின்னே வந்ததில்லை.

அதற்கு முன் அந்த வேலையை அவள் கணவன் செய்தான். அவனுக்குக் கடல் ஒதுங்கியதில்லை. எல்லோரையும்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்குவான். ஒரு மூச்சுக்கு இரண்டு நிமிடம், ஒரு விசிறிக்கு முப்பது முங்கு. ஒவ்வொரு தடவை முங்கும்போதும் படியில் உட்கார்ந்திருக்கும் மனைவியிடம், “ரெண்டு நிமிஷம். இதோ வந்துட்டேன்” என்பான். இன்னும் வராதவன், வரப்போகிறவன், ‘வந்துட்டேன்’ என்று முடிந்துபோன காலத்தில் சொல்வதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை, எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு நண்பகல், பல் டாக்டரின் வெள்ளைப் படகு. அன்று அவனுக்கே பல்வலி. டாக்டர் ஒரு கிராம்பைக் கொடுத்து, கடித்துக்கொண்டு வேலையை முடி, சாயங்காலம் பார்க்கலாம் என்றிருந்தார். இரண்டு இறக்கை முடிந்துவிட்டது. எஞ்சின் சாவி மனைவியின் கையில் இருந்தது. அவனுடைய தங்கை டீசல் பம்ப்பில் ரசீது எழுதிக்கொண்டிருந்தாள். “ரெண்டு நிமிஷம். இதோ வந்துட்டேன்” என்று சொல்லி மூன்றாவது இறக்கைக்காக முங்கினான். வரவில்லை.

மூன்று நாள் தேடினார்கள். வலை போட்டார்கள். கிரேன்காரர் தன் கொக்கியை இறக்கித் துழாவினார், அதற்குக் கூலி கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிடைத்தது அவனுடைய சுரண்டி ஒன்றுதான். திரும்பி வந்து எடுத்துக்கொள்பவன் வைப்பதுபோல் சுக்கானின் மேல் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

பதினாறாம் நாள் அந்தச் சுரண்டியை எடுத்துக்கொண்டு அவள் படியிறங்கினாள். முழு விசிறிக்கும் டாக்டரிடம் முன்பணம் வாங்கியாகிவிட்டது; மிச்ச வேலையை முடிப்பதா, மூன்றில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுப்பதா என்று அவள் அப்போதும் முடிவு செய்திருக்கவில்லை. பத்தாவது படியில் காலை வைத்தபோது கடல் பின்வாங்கியது. மூன்றாவது இறக்கைக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றாள். அதன் மேல் புதிதாகச் சின்னச் சின்னக் கொட்டலசு ஒட்டத் தொடங்கியிருந்தது. தொடவில்லை. மேலே வந்து டாக்டரிடம் மூன்றில் ஒரு பங்கை எண்ணிக் கொடுத்தாள். “அது அவரோட வேலை டாக்டர். வந்து முடிச்சுக்குவாரு. வந்துட்டேன்னு சொல்லிட்டுத்தானே போயிருக்காரு.”

டாக்டர் பணத்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் துணிவில்லை. அதன்பின் எட்டு வருடமாக, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தப் படகுக்கு இரண்டு இறக்கை மட்டும் சுத்தமாகும், மூன்றில் இரண்டு பங்கு கூலி. மூன்றாவது இறக்கையில் கொட்டலசு ஒரு புதராகவே வளர்ந்தது. ஒரு பக்கம் கனத்த விசிறி சுற்றினால் படகு எப்படிப் போகும்? ஏழாவது நாள் டாக்டர் குடும்பம் ஏறினால் டீக்கோப்பைகள் மேஜை ஓரம்வரை நடந்து போகும். தண்டுப் பேரிங்கு வருடத்துக்கு ஒன்று தேய்ந்துபோகும். டாக்டர் ஒரு வார்த்தை பேசாமல் புதிதாக வாங்கிப் போட்டுவிடுவார். “நானும் பல்லுல படிஞ்ச காரையை எடுத்துப் பிழைக்கிறவன்தான்,” என்று மனைவியிடம் மட்டும் சொன்னார். “மூணு பல்லுல ரெண்டுக்கு மட்டும் எடுத்து அனுப்பினா என்னை அடிக்க வருவாங்க. ஆனா அந்தப் பொண்ணுகிட்ட எப்படிப் போய்ச் சொல்றது?”

கடல் ஏன் ஒதுங்குகிறது என்பதற்கு முதல் வருடம் துறையில் பல விளக்கங்கள் இருந்தன. கண்ணாடி போட்ட ஒரு குழு வந்து கயிற்றால் அளந்துவிட்டு அறிக்கை அனுப்புவதாகச் சொல்லிப் போனது. அப்புறம் வேலை ஒழுங்காக நடப்பதால் யாரும் கேட்பதில்லை. சரியான விளக்கத்தைக் கடைசியில் சொன்னவர் கிரேன்காரர்தான். வியாபாரம் பாதியாகக் குறைந்தவருக்கு யோசிக்க நேரம் இருந்தது. பம்ப்பு வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, விசிறிக்காரி படியிறங்குவதையும் கடல் நழுவுவதையும் பார்த்துவிட்டு, அவள் நாத்தனாரிடம் சொன்னார்: “இது பக்தியும் இல்ல, மந்திரமும் இல்ல தங்கச்சி. இந்த நடையை நான் பார்த்திருக்கேன். எனக்குத் தரவேண்டியவன் கடைவீதியில என்னைக் கண்டா இப்படித்தான் ஒதுங்குவான்.”

“நீங்க தரவேண்டியவங்களைக் கண்டா நீங்களும் இப்படித்தான் ஒதுங்குறீங்க.”

“அதனாலதான் உறுதியாச் சொல்றேன். ஒதுங்குறவன் இல்லைன்னு சொல்லமாட்டான். அவனுக்குக் கடன் ஞாபகம் இருக்கு. ஆனா பில்லு அனுப்பாம எவன் கொடுப்பான்?”

நாத்தனாருக்கு அந்தப் பேச்சு உள்ளே போய்த் தைத்துவிட்டது. பம்ப்பின் கணக்கெல்லாம் அவள் கையெழுத்து. அவளுடைய தடித்த பேரேட்டில் படகுக்கு ஒரு பக்கம். அண்ணன் போன மறுவாரமே கடலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, மேலே ‘கடல்’ என்று தலைப்பிட்டு, பற்றுப் பக்கத்தில் ‘ஒரு ஆள்’ என்று எழுதியிருந்தாள். வரவுப் பக்கம் காலியாக இருந்தது. மாதக் கடைசியில் மற்றப் பக்கங்களைக் கூட்டும்போது அந்தப் பக்கத்தையும் திறப்பாள், கூட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் மூடுவாள். இரண்டு பெண்களும் பம்ப்புக்கு மேலிருந்த இரண்டு அறையில் ஒன்றாகத்தான் இருந்தார்கள். பாத்திரம் கழுவுவது யார் என்பதிலிருந்து எல்லாவற்றுக்கும் சண்டை போடுவார்கள், ஆனால் ஒருத்தி வராமல் இன்னொருத்தி சாப்பிட உட்கார்ந்ததில்லை.

“கேட்டாத்தான் என்ன அண்ணி? தினமும் எதிர்ல போய் நிக்கறீங்க. வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?”

“முத்து உதிராது. பதில் வந்துடும்.”

“வரட்டுமே.”

“என்ன பதில்னு உனக்குத் தெரியுமா? இப்போ ‘வந்துட்டேன்’ங்கற வார்த்தை ஒண்ணு கையில இருக்கு. கேட்டு, இல்லைன்னு சொல்லிட்டா அதுவும் போச்சு.” சொல்லிவிட்டு அவள் ஈரத்துணியை உதறிக் கயிற்றில் போட்டாள். “அதுவும் இல்லாம, முகத்துக்கு நேரா கேட்டா சில பேர் ஊரைவிட்டே போயிடுவாங்க.”

எட்டாவது வருடம் நாத்தனார் பொறுமை இழந்தாள். கிரேன்காரர் பக்கத்தில் நின்று தைரியம் சொல்ல, ஒரு நண்பகல், முதலாளிகள் எல்லோரும் தொப்பியோடு கூடியிருந்த ஏழாவது நாளில், பேரேட்டைத் தூக்கிக்கொண்டு துறை விளிம்புக்குப் போனாள். விசிறிக்காரி அப்போது ஒரு படகின் கீழே இருந்தாள். தண்ணீர்ச் சுவருக்குள் வெளிச் சத்தம் கேட்காது. பம்ப்பில் பாக்கிக்காரர்களுக்குப் படிக்கிற அதே குரலில் நாத்தனார் கடலுக்குப் படித்தாள். “பற்று, ஒரு ஆள். வயசு முப்பத்து நாலு. இடது காது கொஞ்சம் மந்தம். வேலை செய்யும்போது விசில் அடிக்கும். சொன்ன நேரத்துக்கு வந்துடும். வரவு, இல்லை. எட்டு வருஷமாச்சு. தரவேண்டியதைத் தந்து கணக்கை முடிச்சுக்கோங்க.” மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் இல்லை, ஆனால் நாற்பது படகுக்காரர்கள் முன்னால் படித்தாள். அன்று மாலை அலை வழக்கத்தைவிடத் தாழ்ந்த குரலில் அடித்ததாகச் சிலர் பிறகு சொன்னார்கள்.

மறுநாள் காலை கடல் இல்லை.

இரண்டு மைலுக்கு அப்பால் ஒரு நீலக் கோடாக, அசையாமல், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. துறையிலிருந்து அதுவரைக்கும் மணலும் பாறையும் விரிந்து கிடந்தன. பாறைகளுக்கு நடுவே நூற்றாண்டுகளாக வெயில் படாத பள்ளத்தாக்குகள், ஊதா நிறப் பாசிக் காடுகள், ஆள் உயரச் சங்குகள். நாற்பது படகும் நேற்று மிதந்த உயரத்திலேயே வரிசையாக அந்தரத்தில் நின்றன. முதல் நாள் துறைக்கே திருவிழா மாதிரி இருந்தது. முதலாளிகள் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு கீழே இறங்கித் தங்கள் படகின் அடிப்பாகத்தை முதன்முதலாகப் பார்த்தார்கள், கூலி மிச்சம் என்று தாங்களே சுரண்டினார்கள், பாதிப் பேர் இரும்பால் சுரண்டி வெண்கலத்தைக் கீறி வைத்தார்கள். அறுபத்து மூன்று மூக்குக்கண்ணாடியும், கிரேன்காரர் இருபது வருடத்துக்கு முன் தொலைத்த பெரிய கொக்கியும், டாக்டர் செய்து கொடுத்த ஒரு பல்செட்டும் கிடைத்தன. எஞ்சினை முடுக்கிப் பார்த்தார்கள். விசிறிகள் காற்றில் சுற்றின, ஒரு படகும் ஓரடி நகரவில்லை.

இரண்டாவது நாள் சத்தம் போனதை உணர்ந்தார்கள். பிறந்ததிலிருந்து காதில் இருந்த அலை நின்றுபோனதும் அவரவர் குரல் அவரவருக்கே பெரிதாகக் கேட்டது. கணவன் மனைவிகள்கூடக் கிசுகிசுத்தார்கள். கதவுகளில் உப்புப் படியவில்லை. கொட்டலசுகள் வெயிலில் வாய்மூடி வெளுத்து, சாம்பல்போல் உதிர்ந்தன. மூன்றாவது நாள் எல்லோரும் விசிறிக்காரியின் மாடிப்படியில் ஏறினார்கள். முன்னால் கிரேன்காரர், கையில் கொக்கியோடு.

“தப்பு என்மேல தங்கச்சி. தூக்குறதுக்குப் படகு வேணும்னு பார்த்தேன். படகு தானாவே தூக்கிக்கிட்டு நிக்குது.” அவர் கொக்கியைப் பார்த்துக்கொண்டே பேசினார். “போய்ச் சமாதானமாப் பேசும்மா. கடனைத் தள்ளுபடி பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, வந்துடும்.”

“தள்ளுபடின்னா என்னன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா அண்ணே?” என்றாள் விசிறிக்காரி.

அவருக்குத் தெரிந்திருந்தது. கொக்கியோடு படியின் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்.

அவள் சுரண்டியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். பத்தாவது படியைத் தாண்டி, அதற்குக் கீழே அவளைத் தவிர யாரும் பார்த்திராத பதினாலு படிகளையும் தாண்டி மணலில் நடந்தாள். நாத்தனார் பேரேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பத்தடி பின்னால் வந்தாள். “தள்ளுபடி பண்ணிடாதீங்க அண்ணி. நான்தான் கெடுத்தேன், நானே போய்க் கால்ல விழறேன். தள்ளுபடி மட்டும் பண்ணிடாதீங்க” என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். விசிறிக்காரி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் ஓரடி வைத்தால் நீலக் கோடு ஓரடி பின்னால் போனது. வேகமாக நடந்தால் அதுவும் வேகமாகப் போனது. ஒரு மைல் நடந்த பிறகு நின்றாள். இரண்டு மைல் தூரத்தில் கடலும் நின்றது. அவ்வளவு பெரிய ஒன்று, அடிவானம் முழுக்க நிறைந்த ஒன்று, தன்னைக் கண்டு கூச்சப்பட்டு நிற்பதைப் பார்த்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. உடம்பில் ஒவ்வொரு மயிரும் எழுந்து நின்றது. துரத்தத் துரத்த இது போய்க்கொண்டேதான் இருக்கும் என்று விளங்கியது. திரும்பி நடந்தாள்.

திரும்பும்போதுதான் நாத்தனார் அதைப் பார்த்தாள். மற்ற எல்லாப் படகின் அடியும் எலும்பாகக் காய்ந்திருந்தது. டாக்டரின் வெள்ளைப் படகில் மட்டும், மூன்றாவது இறக்கையிலிருந்த கொட்டலசுப் புதர் கருகருவென்று ஈரமாக இருந்தது. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து, கீழே மணலில் ஒரு சிறிய குழி நிறைந்து, அந்தக் குழியில் அலைகூட அடித்தது.

“அண்ணி. எல்லாம் காஞ்சு போச்சு. இது மட்டும் ஏன் சொட்டுது?”

முதல் நாளே விசிறிக்காரி அதைப் பார்த்திருந்தாள், பார்க்காதவள்போல் போயிருந்தாள்.

நாத்தனார் பேரேட்டைத் திறந்தாள், காலியாக இருந்த பக்கத்தைப் பார்த்தாள், சொட்டும் புதரைப் பார்த்தாள். இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறவளுக்கு, கணக்கு எழுதுகிறவர்கள் எதற்கு மிகவும் பயப்படுவார்களோ அது விளங்கிவிட்டது. “கடன்ல கொஞ்சம் கொண்டுவந்து வாசல்ல வச்சுட்டுப் போயிருக்கு அண்ணி,” என்றாள் மெதுவாக. “எட்டு வருஷமா நாமதான் எடுக்கலை. கொடுத்தவங்களுக்கே போய் ஊர் முன்னால பில்லு படிச்சிருக்கேன்.”

விசிறிக்காரி இறக்கைக்கு முன்னால் நின்றாள். பதினாறாம் நாள் நின்ற அதே இடம். இதைத் தொட்டால் அவன் வந்து முடிக்க வேண்டிய வேலை மிச்சமில்லாமல் போய்விடும். மிச்ச வேலை இல்லாத இடத்துக்கு எவன் வருவான்? எட்டு வருடமாக அவள் செலவழிக்காமல் வைத்திருந்தது இந்த ஓர் இறக்கை அழுக்கைத்தான். மேலே துறை விளிம்பில் மொத்தக் கூட்டமும் மூச்சுவிடாமல் நின்றது. பிறகு அவன் சுரண்டியை அவன் பிடிக்கிற மாதிரி, கட்டைவிரலை நீளவாக்கில் வைத்துப் பிடித்து, புதரின் அடியில் கொடுத்து நெம்பினாள்.

முதல் கொட்டலசு பெயர்ந்ததும் அதன் கீழிருந்து ஒரு நீர்க்குமிழி வெளியே வந்து உடைந்தது. வெதுவெதுப்பான காற்று அவள் முகத்தில் பட்டது. கிராம்பு வாசனை. அடுத்தது பெயர்ந்ததும் அரை விசில். மூன்றாவது, நான்காவது. ஒவ்வொரு சிப்பிக்கு அடியிலும் அவனுடைய கடைசி மூச்சு துளித்துளியாகச் சேமிக்கப்பட்டிருந்தது, சிந்தாமல், கலக்காமல், ஒட்டி மூடி, எட்டு வருடம். அவள் சுரண்டச் சுரண்ட அது வரிசையாக வந்தது. விசில் முழுதானது, தாளம் தப்பிய பழைய விசில். அப்புறம் வேலை செய்கிறவன் தனக்குத்தானே பேசிக்கொள்கிற முணுமுணுப்பு: நரம்பு சுத்தியிருக்கு, இன்னும் ஒரு சுத்து, ஆங், அவ்வளவுதான். பல்வலிக்கு ஒரு சின்ன முனகல். நாத்தனார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மேலே நின்ற டாக்டர் தொப்பியைக் கழற்றினார், பக்கத்தில் நின்றவர்களும் கழற்றினார்கள். பம்ப்பின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தவர்கள் பிறகு சொன்னது, சரியாக இரண்டு நிமிடம். கடைசியாக விளிம்பில் ஒட்டியிருந்த ஒரே ஒரு பெரிய கொட்டலசு பெயர்ந்ததும், காதுக்குப் பக்கத்தில், சொல்லுகிறவனின் சூட்டோடு கேட்டது. “இதோ வந்துட்டேன்.”

“வாங்க,” என்றாள் அவள்.

வாளியிலிருந்து உப்புத்தாளை எடுத்தாள். வேலை பாதியில் நிற்கக்கூடாது. தேய்த்தாள், விளிம்பில் விரலை ஓட்டினாள், கட்டியை மாற்றினாள், கிரீஸ் வைத்தாள். கடைசியில் மரச்சுத்தியால் முதல் இறக்கையைத் தட்டினாள், இரண்டாவதைத் தட்டினாள், எட்டு வருடத்துக்குப் பிறகு மூன்றாவதையும் தட்டினாள். வெண்கலம் விரிசல் இல்லாமல் பாடியது. அந்த ஓசை மணலின் மேல் தவழ்ந்து, பள்ளத்தாக்குகளைத் தாண்டி, மூன்று மைல் போனது. நீலக் கோடு தலையைத் திருப்பியதுபோல் லேசாக வளைந்தது. பிறகு வரத் தொடங்கியது. இரைச்சல் இல்லை, நுரை இல்லை; வீட்டுக்குத் தாமதமாக வருகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வருவதுபோல் வந்தது. பெண்கள் இருவரும் படியேறும் வரை பத்தடி தள்ளிக் காத்திருந்துவிட்டு, பத்தாவது படியைத் தொட்டு நின்றது. நாற்பது படகும் ஒன்றாக ஒரு தடவை ஆடி அமர்ந்தன.

மறுநாள் விசிறிக்காரி வாளியோடு இறங்குவதைப் பார்க்கத் துறை முழுக்கக் கூடியது. இனி கடல் ஒதுங்குமா, ஒதுங்காதா என்று கிரேன்காரரே இரண்டு பக்கமும் பந்தயம் கட்டியிருந்தார். ஒன்பது படி, பத்தாவது படி. கடல் வழக்கம்போல் ஓரடி நழுவியது. வேலை நடந்தது. ஒரே ஒரு வித்தியாசம், தரை இரண்டு நிமிடம் முன்னாலேயே வியர்த்தது. நாற்பத்து மூன்றாவது நிமிடம் கடல் இடத்துக்கு வந்துவிட்டது. மேலே வந்த அவளிடம் நாத்தனார், “நாற்பத்து மூணுதான் அண்ணி. ரெண்டு நிமிஷம் கழிச்சுக்கிச்சு” என்றாள்.

“கொடுத்ததைக் கழிச்சுக்கறது நியாயம்தானே. எழுதிக்கோ.”

“கணக்கை முடிச்சுடவா?”

“வரவு மட்டும் எழுது. முடிக்காதே.”

தகரப் பலகையில் முக்கால் மணி நேரம் என்பதை அழித்து நாற்பத்து மூன்று நிமிடம் என்று மாற்றினார்கள். முந்நூற்று ஐம்பது அப்படியே இருந்தது, கிரீஸ் தனி. இரண்டு நிமிடத்துக்கு உண்டானதைக் குறைக்கக் கூடாதா என்று முதலில் கேட்டவர் பல் டாக்டர்தான். கேட்டுவிட்டு மூன்று இறக்கைக்கும் முழுக் கூலியைக் கொடுத்தார். அவருடைய படகு அதற்குப்பின் குலுங்கவில்லை, கோப்பைகள் வைத்த இடத்திலேயே இருந்தன. பம்ப்பின் பேரேட்டில் அந்தப் பக்கம் இன்றும் திறந்தே இருக்கிறது. டீசல் போட வருகிறவர்கள் கேட்டால் நாத்தனார் திருப்பிக் காட்டுவாள். தலைப்பு, கடல். பற்று, ஒரு ஆள். வரவு, இரண்டு நிமிடம். பாக்கி, அந்த ஆள், இரண்டு நிமிடம் போக.